பழைய பிரெஞ்சு ரெட் வைன்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

பாரிஸ்ல ஒரு வைன் கடையில வேலை பாக்குறேன். நம்ம ஆளுங்க கடைக்கு வந்தாலும் சரி, கல்யாணம், பிறந்தநாள்னு எங்கயாவது பாத்தாலும் சரி, பழைய பாட்டில் பத்தி அதே டவுட்டுங்க தான் திரும்பத் திரும்ப வருது. கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலையும் போட்டிருக்கேன். மேலேர்ந்து வரிசையா படிங்க, முன்னாடி சொன்னதை பின்னாடி திருப்பிச் சொல்லல.

வைன் எவ்ளோ பழசோ அவ்ளோ நல்லா இருக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?

இல்ல. பிரான்ஸ்ல வர்ற ரெட் வைன்ல பெரும்பகுதி ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும்னே செய்யறது. நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வருமே போஜோலே நூவோங்கிற அந்த வருஷத்து புது வைன், அதை பத்து வருஷம் பூட்டி வெச்சா பழைய வைன் ஆகாது, உயிர் போன வைன் தான் ஆகும். வயசைத் தாங்கணும்னா டானின் (துவர்ப்பு குடுக்குற பொருள்), புளிப்பு, பழத்தோட அடர்த்தி மூணும் ஆரம்பத்துலயே தாராளமா இருக்கணும், அதுலயும் ஒண்ணு ரொம்ப தூக்கலா ஒண்ணு ரொம்ப கம்மியா இருந்தா சரியா வராது.

இன்னொண்ணு, நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்றது இது தான்: வயசானா வைன் "இன்னும் நல்லா" ஆகுதுன்னு எதிர்பாக்காதீங்க, அது வேற ஒண்ணா மாறுது. இளசுல இருக்குற பழ ருசி, பலம், கலர் எல்லாம் கொறஞ்சு அந்த இடத்துல வேற வாசனைங்க வரும். அந்த மாற்றம் பிடிச்சவங்களுக்குத் தான் பழைய வைன். இளசா, பழ ருசியோட குடிக்கப் பிடிக்கும்னா அதுல ஒரு குறையும் இல்ல.

அண்ணே, பழசாக ஆக போதை ஏறுமா?

ஏறாது. பாட்டில்ல அடைச்ச அன்னிக்கு எவ்ளோ ஆல்கஹாலோ இன்னிக்கும் அவ்ளோ தான். கள்ளு நேரமாக ஆக ஏறுதுன்னா அதுல நொதிக்கிறது நிக்கலன்னு அர்த்தம், ரெட் வைனைப் பொறுத்தவரை சர்க்கரை எல்லாம் நொதிச்சு முடிஞ்சப்புறம் தான் பாட்டில்ல அடைக்கிறாங்க. சொல்லப்போனா பழசு தான் லேசு. 1980கள்ல போர்தோங்கிற பெரிய வைன் பகுதியிலேர்ந்து வந்த பாட்டில் லேபிளைப் பாருங்க, 12, 12.5 சதவீதம்னு இருக்கும், இப்ப வர்றதுல 14 சர்வ சாதாரணம்.

சரி, மூடி வெச்ச பாட்டிலுக்குள்ள அப்படி என்ன தான் நடக்குது?

திராட்சைத் தோல்லேர்ந்தும் கொட்டையிலேர்ந்தும் வர்றது டானின். இளசா ஒரு போர்தோ குடிச்சா ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு அதனால தான். கலர் குடுக்குறது ஆந்தோசயனின். வருஷம் போகப் போக இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிய மூலக்கூறா ஆகிட்டே வரும், ஒரு கட்டத்துல வைன்ல கரைஞ்சு நிக்க முடியாம அடியில படிஞ்சிடும். அதனால தான் கருஞ்சிவப்பு வெளுத்து செங்கல் கலருக்கு வருது, துவர்ப்பு அடங்குது, அடியில வண்டல் சேருது. எல்லாம் ஒரே வேலையோட விளைவு. கார்க் வழியா ரொம்ப ரொம்ப கொஞ்சமா போற ஆக்சிஜனும் இதுக்கு உதவி பண்ணுது.

வாசனையை மூணு அடுக்கா சொல்வாங்க. முதல்ல பழத்தோடது, ரெண்டாவது நொதிக்கும்போதும் ஓக் பீப்பாயில இருக்கும்போதும் வந்தது, மூணாவது பாட்டில்லயே உருவாகுறது. சீடர் மரம், புகையிலை, பழைய தோல் பை, காளான், மழைக்கப்புறம் காட்டுத் தரையில நனைஞ்ச இலை, ட்ரஃபிள்ங்கிற மண்ணுக்கடி காளான், உலர்ந்த அத்தி, இதெல்லாம் இந்த மூணாவது அடுக்கு தான். நாம பழைய பாட்டிலுக்கு காசு குடுக்குறதே இதுக்காக.

எந்த ஊர் வைன் எத்தனை வருஷம் தாங்கும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

தோராயமா தான் சொல்ல முடியும், தயாரிப்பாளரும் அந்த வருஷத்து மழை வெயிலும் சேந்து தான் முடிவு பண்ணும். போர்தோல ஆத்துக்கு இடது கரையில பொயாக், சான் ஜூலியேன், மார்கோ, சான்த் எஸ்தெஃப் பக்கம் கேபர்னே சோவின்யோன் திராட்சை அதிகம், நல்ல ஷாத்தோன்னா (வைன் தோட்டம்) 15லேர்ந்து 30 வருஷம், பெரிய பேருங்க அதுக்கும் மேல போகும். வலது கரையில சான்த் எமிலியோன், பொமெரோல் பக்கம் மெர்லோ ஜாஸ்தி, கொஞ்சம் சீக்கிரமே பக்குவம் ஆகும். பர்கண்டி முழுக்க பினோ நுவார், கிராமத்துப் பேர்ல வர்ற சாதாரண பாட்டில் 5லேர்ந்து 12 வருஷம், அதுக்கு மேல் தரமான பிரீமியர் க்ரூ 10லேர்ந்து 20.

ரோன் பள்ளத்தாக்குல எர்மிதாஜ், கோத் ரோத்தி, கொர்னாஸ் மூணும் சிரா, நிதானமா 15, 20 வருஷம் நிக்கும். தெற்க பாந்தோல்னு கடலோர ஊர், அங்க மூர்வேத்ர் திராட்சை, சட்டப்படியே குறைஞ்சது 18 மாசம் மரப் பீப்பாயில வெச்சுத் தான் விக்கணும், பத்து வருஷத்துக்கு முன்னாடி திறந்தா முரட்டுத்தனமா இருக்கும். லுவார் நதிக்கரையில ஷினோன், பூர்கேய் ரெண்டும் கேபர்னே ஃப்ரான், நல்ல வருஷமா இருந்தா 20 வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும், இது பலருக்குத் தெரியல. போஜோலேல கூட மோர்கோன், மூலான்னா வான் மாதிரி ஊருங்களோட வைன் பத்து வருஷத்துல அழகா மாறும், அதனால மேல நூவோ பத்தி சொன்னதை வெச்சு மொத்த போஜோலேயையும் ஒதுக்கிடாதீங்க.

லாஃபீத், லத்தூர் மாதிரி பெரிய போர்தோ பேருங்க எல்லாம் நமக்கு கட்டுப்படியாகாது. கம்மி பட்ஜெட்ல எதுல ஆரம்பிக்கலாம்?

போர்தோல 1855ல ஒரு தர வரிசை போட்டாங்க, 1973ல மூத்தோன் ரோத்ஷில்டை முதல் வரிசைக்கு ஏத்துனதைத் தவிர அது பெருசா மாறவே இல்ல. அந்த லிஸ்ட்ல பேர் இருந்தாலே விலை ஏறிடும். அதனால லிஸ்டுக்கு வெளிய பாருங்க. மேல சொன்ன இடது கரையில மெதோக் பக்கத்துலேர்ந்து வர்ற, லேபிள்ல க்ரூ பூர்ஷுவான்னு தரம் போட்ட பாட்டில், வருஷம் 2001, 2004, 2008, 2014ன்னு தேடுங்க. 2000, 2005, 2009, 2010க்கு கெடைச்ச ஆரவாரம் இதுங்களுக்கு கெடைக்கல, அதனாலயே விலை அடங்கி இருக்கு, ஆனா நல்ல பக்குவத்துல இருக்கு.

என் சொந்த சிபாரிசு ஷினோன். அந்த ஊர்ல சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்ச குகைங்க இருக்கு, வருஷம் முழுக்க ஜில்லுனு ஒரே டெம்பரேச்சர், சில தயாரிப்பாளருங்க பத்து இருபது வருஷம் அதுலயே வெச்சிருந்து நேரா அங்கேர்ந்தே விக்கிறாங்க. பாட்டில் எங்கயும் அலையல, வெயில் படல, கைமாறல. பழைய வைன் வாங்குறதுல இதை விட நிம்மதியான வழி இல்ல. ஏலத்துல எடுக்குறதா இருந்தா கேட்ட விலைக்கு மேல வாங்குறவங்க கமிஷன் ஒண்ணு இருக்கும், அதையும் சேத்து கணக்கு போட்டுட்டு கை தூக்குங்க.

பாட்டிலை வெளியில பாத்தே உள்ள நல்லா இருக்கான்னு சொல்ல முடியுமா?

உறுதியா முடியாது, ஆனா நெறய தெரிஞ்சுக்கலாம். முதல்ல உள்ள வைன் நிக்கிற மட்டம். போர்தோ பாட்டிலுக்கு தோள் இருக்கும்ல, 10, 15 வருஷ வைன்னா மட்டம் கழுத்துக்குள்ள இருக்கணும். 20, 30 வருஷமானதுன்னா தோளோட மேல் விளிம்பு வரைக்கும் இறங்கியிருந்தா சாதாரணம். நடுத் தோள் வரை போயிருந்தா கார்க் விட்டுடுச்சுன்னு சந்தேகப்படணும், அதுக்கும் கீழன்னா தொடாதீங்க. பர்கண்டி பாட்டிலுக்கு தோள் கிடையாது, அங்க கார்க்லேர்ந்து எத்தனை சென்டிமீட்டர்னு பாப்பாங்க.

அப்புறம் பாட்டிலுக்குப் பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. செங்கல் கலரா இருந்தாலும் வெளிச்சம் தெளிவா ஊடுருவி வந்தா நல்ல அறிகுறி, கலங்கின பழுப்பா இருந்தா வேண்டாம். கார்க் வெளிய துருத்திட்டு வந்திருந்தாலோ கழுத்துல பிசுபிசுன்னு ஒழுகின தடம் இருந்தாலோ எங்கயோ சூட்டுல மாட்டியிருக்கு. லேபிள் அழுக்கா, பூஞ்சை பிடிச்சு, ஓரம் கிழிஞ்சு இருந்தா பயப்பட வேண்டாம், ஈரப்பதமான நிலவறையில இருந்ததுக்கு அது சாட்சி. நாப்பது வருஷ பாட்டில்ல லேபிள் பளபளன்னு புதுசா இருந்தா தான் நான் ரெண்டு தடவை பாப்பேன்.

திறக்கும்போது கார்க் பாதியில உடைஞ்சு தூள் தூளா உள்ள விழுந்துடுச்சு. கொட்டிடணுமா?

வேண்டாம், டீ வடிகட்டி இல்லன்னா சுத்தமான மெல்லிய துணியில வடிகட்டிக் குடிங்க, ருசிக்கு ஒண்ணும் ஆகாது. கார்க் உடைஞ்சதுக்கும் வைன் கெட்டதுக்கும் சம்பந்தமே இல்ல.

உடையாம எடுக்கணும்னா திருகு ஓப்பனரை விட ரெண்டு தகடு வெச்ச ஓப்பனர் நல்லது. கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அந்தத் தகடுங்களை மாத்தி மாத்தி மெதுவா அழுத்தி இறக்கிட்டு, சுத்திக்கிட்டே மேல தூக்கணும், இழுக்கக் கூடாது. 25 வருஷத்துக்கு மேல ஆன பாட்டில் அடிக்கடி திறக்குறவங்க இது ஒண்ணு வாங்கி வெச்சுக்கிறது நல்லது. மேல இருக்குற தகர உறையை எடுத்ததும் கார்க் தலையில கருப்பா பூஞ்சை இருந்தா ஈரத்துணியால பாட்டில் வாயைத் தொடைச்சிட்டு திறங்க.

அடியில கருப்பா மண்ணு மாதிரி கிடக்குது. குடிச்சா உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

ஒண்ணும் ஆகாது, அது மேல சொன்ன டானினும் கலரும் தான். ஆனா வாய்க்குள்ள போனா நறநறன்னு, கசப்பா இருக்கும், அந்த மெல்லிசான வாசனையை எல்லாம் கெடுத்துடும். அதனால குடிக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடியே, முடிஞ்சா ரெண்டு நாள், பாட்டிலை நிக்க வெச்சிடுங்க, வண்டல் அடிக்கு இறங்கிடும். கடையிலேர்ந்து பைக்ல கொண்டு வந்து அன்னிக்கே திறந்தா கலங்கல் தான் கெடைக்கும்.

டிகேன்டர்ல ஊத்தி எத்தனை மணி நேரம் வெக்கணும்?

டிகேன்டர்ங்கிற கண்ணாடி ஜாடிக்கு ரெண்டு வேலை. இளசான வைனுக்கு காத்து குடுக்குறது ஒண்ணு, பழசுல வண்டலைப் பிரிக்கிறது ஒண்ணு. யூட்யூப்ல "மூணு மணி நேரம் வைங்க"ன்னு சொல்றது இளசுக்கு. 30 வருஷ வைனை மூணு மணி நேரம் அகலமான டிகேன்டர்ல வெச்சா நீங்க உக்காரும்போது அது எழுந்து போயிருக்கும்.

பிரான்ஸ்லயே இதுல ஒத்த கருத்து கிடையாது. போர்தோவோட பெரிய வைன் பேராசிரியர் எமில் பெய்னோ, வண்டல் இருந்தா மட்டும் ஊத்துங்க, அதுவும் மேஜைக்கு எடுத்துட்டுப் போற கடைசி நிமிஷத்துல ஊத்துங்கன்னு சொன்னவர். பழைய பாட்டில் சேகரிக்கிறதுல பேர் போன ஃப்ரான்சுவா ஓதூஸ் வேற வழி: நாலஞ்சு மணி நேரம் முன்னாடி கார்க்கை மட்டும் எடுத்துட்டு, எங்கயும் ஊத்தாம, பாட்டிலை அப்படியே விட்டுடறது, அந்தச் சின்ன வாய் வழியா தானா மூச்சு விட்டுக்கும். நான் ரெண்டுக்கும் நடுவுல தான் நிப்பேன். பழைய பர்கண்டியை டிகேன்டர்ல ஊத்தவே மாட்டேன், ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து மோந்து பாத்துட்டு நேரா கிளாஸ்ல ஊத்துவேன். பழைய போர்தோன்னா கழுத்துக்குக் கீழ டார்ச் வெச்சு, கையை நிறுத்தாம ஒரே ஊத்தா ஊத்துவேன், கருப்புக் கோடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடணும். அடியில ரெண்டு விரல் அளவு போனா போகட்டும்.

ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு தானே சொல்வாங்க?

அந்தப் பேச்சு வந்தது ஹீட்டர் இல்லாத காலத்து கல் வீட்டுல. இன்னிக்கு பாரிஸ் அபார்ட்மென்ட்லயே 21, 22 டிகிரி, சென்னை ஹால்ல 30க்கு மேல. போர்தோவுக்கு 16, 17 டிகிரி, பர்கண்டிக்கு 14, 15 போதும். சூடா இருந்தா ஆல்கஹால் நெடி மூக்கைத் தூக்கும், மத்ததெல்லாம் அதுல அமுங்கிடும். கிளாஸ்ல ஊத்துனப்புறம் தானா சூடேறும், அதனால கொஞ்சம் ஜில்லுன்னே ஆரம்பிங்க.

எப்படி டேஸ்ட் பண்றது? எல்லாரும் கிளாஸை சுத்துறாங்க, நானும் சுத்துறேன், ஒண்ணும் தெரியல.

பழைய வைனை முதல்ல சுத்தவே கூடாது. வயிறு அகலமா வாய் குறுகலா இருக்குற பெரிய கிளாஸ், மூணுல ஒரு பங்கு மட்டும் ஊத்துங்க. வெள்ளைத் துணி மேல சாய்ச்சுப் பிடிச்சு ஓரத்தைப் பாருங்க, அந்த ஆரஞ்சு, செங்கல் விளிம்பு எவ்ளோ அகலமா இருக்கோ அவ்ளோ வயசு. அப்புறம் சுத்தாம ஒரு தடவை மோந்து பாருங்க, லேசா போற வாசனைங்க அந்த முதல் மோப்பத்துல தான் கெடைக்கும். அதுக்கப்புறம் மெதுவா ஒரே ஒரு சுத்து.

வாயில கொஞ்சமா எடுத்து, நாக்கு மேல உருட்டி, முழுங்கினதுக்கப்புறம் வாயை மூடிட்டு மூக்கு வழியா மூச்சு விடுங்க. ருசி எத்தனை நொடி நிக்குதுன்னு மனசுல எண்ணுங்க. பிரெஞ்சுக்காரங்க இதுக்கு கோதலின்னு ஒரு அளவே வெச்சிருக்காங்க, ஒரு கோதலின்னா ஒரு நொடி. சாதாரண வைன் நாலஞ்சுல முடிஞ்சிடும், நல்ல பழைய வைன் பத்தைத் தாண்டிப் போகும். முக்கியமா, ஒரே கிளாஸை ஒரு மணி நேரம் வெச்சுக்கிட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்ப மோந்து பாருங்க. பழைய வைனோட சுகமே அந்த மாற்றத்துல தான் இருக்கு, ஒரே மடக்குல தீர்ப்பு சொன்னா பாதியைத் தவற விட்டுடுவீங்க.

திறந்ததும் காளான், ஈர மண்ணு, பழைய பீரோ வாடை வருது. கெட்டுப்போச்சா?

அவசரப்படாதீங்க, இந்தக் கேள்வியோட தான் நெறய நல்ல பாட்டிலுங்க சிங்க்ல போகுது. நாங்க நாலு பேர் சேந்து ஷினோன் 1989 ஒண்ணு திறந்தோம், அந்த வருஷம் லுவார்ல நல்ல வெயில் வருஷம். முதல் மோப்பத்துல பூட்டிக் கிடந்த வீட்டு வாடை, அடியில லேசா குதிரை லாயம், ஒருத்தர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். இருபது நிமிஷத்துல அந்த வாடை காணாமப் போச்சு, பென்சில் சீவுனா வருமே அந்த மர வாசனை வந்தது. முக்கால் மணி நேரத்துல உலர்ந்த செர்ரி, புகையிலை, நனைஞ்ச இலை, நடுவுல பச்சை மிளகோட ஒரு சின்ன குளிர்ச்சி, முப்பது வருஷம் தாண்டியும் புளிப்பு சுறுசுறுப்பா நின்னது. ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பிச்சு, கடைசி கிளாஸ்ல டீத்தூள் வாசனை மட்டும் இருந்துது. மூஞ்சி திருப்பினவர் தான் ரெண்டாவது பாட்டில் இருக்கான்னு கேட்டார்.

காளான், ஈர மண், காட்டு இலை எல்லாம் வேணும்னே எதிர்பாக்குற வாசனைங்க. பூட்டுன வாடை காத்து பட்டா போயிடும். குறைஞ்சது அரை மணி நேரம் குடுங்க.

அப்போ நிஜமாவே கெட்டதை எப்படி கண்டுபிடிக்கிறது?

மேல சொன்ன அரை மணி நேரம் தான் பரீட்சை. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வந்து, நேரம் ஆக ஆகக் கொறையாம இன்னும் ஏறுச்சுன்னா அது கார்க் கோளாறு, டிசிஏங்கிற பொருள், லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிடும், சரி பண்ண வழி இல்ல. அடிபட்ட ஆப்பிள், ஷெர்ரிங்கிற ஸ்பெயின் வைன் வாடையோட கலர் முழுக்க பழுப்பா இருந்தா ஆக்சிஜன் உள்ள போயிடுச்சு. வினிகர், நெயில் பாலிஷ் நெடி தூக்கலா இருந்தா அதுவும் முடிஞ்ச கதை.

குதிரை லாயம், மாட்டுத் தொழுவம் வாடை மட்டும் கொஞ்சம் சிக்கல். ப்ரெட்டனோமைசிஸ்னு ஒரு ஈஸ்ட்டோட வேலை அது. 1970, 80கள்ல வந்த ரோன், போர்தோ பாட்டில்ல இது சகஜம், லேசா இருந்தா சிலருக்கு அது தான் அழகு, பிளாஸ்திரி வாடை அளவுக்குப் போனா யாராலயும் குடிக்க முடியாது. நான் லேசா இருக்குறதை ரசிக்கிற கட்சி.

மட்டன் பிரியாணியோட நல்லா இருக்குமா அக்கா வீட்டு விசேஷத்துக்கு?

பிரியாணியோட இளசா ஒரு கோத் து ரோன் வைங்க, பழையதை வேண்டாம். மிளகாய்க் காரம் நாக்குல ஆல்கஹாலையும் துவர்ப்பையும் எரிச்சலா காட்டும், பட்டை கிராம்பு வாசனைக்கு முன்னாடி முப்பது வருஷ வைன் வாயே திறக்காது. தயிர்ப் பச்சடியோட புளிப்பும் சேந்தா சுத்தம்.

பழைய பாட்டிலுக்கு சாப்பாடு எவ்ளோ எளிமையோ அவ்ளோ நல்லது. பொயாக் பக்கம் ஆட்டுக்குட்டி தொடைக்கறியை உப்பு, பூண்டு மட்டும் போட்டு அவன்ல வாட்டி வெப்பாங்க, அந்த ஊர் வைனுக்கு அதை விடப் பொருத்தம் கிடையாது. பர்கண்டிக்கு வறுத்த கோழி, வெண்ணெய்ல வதக்கின காளான். சைவம்னா காளானும் வேகவெச்ச பருப்பும் அருமையா சேரும், காரம் மட்டும் வேண்டாம். சீஸ்ல கோம்தே மாதிரி கெட்டியானது சரி, நாத்தம் தூக்கலா இருக்குற சீஸ் எல்லாம் பழைய ரெட்டை அடிச்சுப் போட்டுடும்.

வீட்டுக்காரர் பிறந்த வருஷ பாட்டில் குடுத்து சர்ப்ரைஸ் பண்ணணும். 1991. கெடைக்குமா?

போர்தோல 1991 ஏப்ரல்ல பனி கருக்கிடுச்சு, விளைச்சலும் போச்சு, தரமும் சுமார். 1984, 1987, 1992 பிறந்தவங்களுக்கும் போர்தோ ஒத்து வராது. ஆனா ஒரு ஊர்ல கெட்டா எல்லா ஊர்லயும் கெட்டதுன்னு இல்ல, அதே 1991 வடக்கு ரோன்ல நல்ல வருஷம், கோத் ரோத்தி தேடுங்க. 1982, 1990ன்னா போர்தோ தைரியமா வாங்கலாம், விலை தான் இடிக்கும்.

எந்த வருஷமா இருந்தாலும் கைகொடுக்குறது தெற்க ரூசியோன் பக்கம் வர்ற மோரி, ரிவெசால்த், பான்யுல்ஸ் இனிப்பு வைனுங்க. நொதிக்கும்போதே ஸ்பிரிட் சேத்து நிறுத்துனதால பல பத்து வருஷம் கெடாது, பழைய வருஷங்கள் இன்னும் கெடைக்குது, அதே வயசு போர்தோவோட ஒப்பிட்டா விலையும் ரொம்ப கம்மி. சாக்லெட் கேக்கோட குடுங்க.

பாண்டில எங்க தாத்தா வாங்கின 1970கள் போர்தோ பீரோல நிக்குது. விலை போகுமா? நானும் இப்ப ஒண்ணு சென்னைக்கு வாங்கிட்டுப் போய் வெக்கலாம்னு இருக்கேன்.

தாத்தா பாட்டில் குடிக்கிறதுக்குத் தேறாதுங்கிறது தான் என் கணிப்பு. வைனுக்கு 12, 13 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் கிட்ட, இருட்டு, அசைவில்லாம படுக்க வெக்கணும். நிக்க வெச்சா கார்க் காஞ்சு சுருங்கி காத்து உள்ள போகும், அதுக்கு மேல நாப்பது அம்பது கோடை பாத்திருக்கு. ஆசைக்குத் திறந்து பாருங்க, தாத்தா ஞாபகத்துக்கு பாட்டிலை வெச்சுக்கோங்க, விக்கலாம்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

நீங்க கொண்டு போறதா இருந்தா, இந்தியாவுக்குள்ள ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி இல்லாம அனுமதி, அதாவது 750 மில்லி பாட்டில் ரெண்டு. டிசம்பர், ஜனவரில கொண்டு போங்க, போனதும் மூணு வாரம் படுக்க வெச்சு ஓய்வு குடுங்க, வண்டல் எல்லாம் கலங்கியிருக்கும். வைன் கேபினட் இல்லன்னா வீட்டு ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டே அலமாரியை விட மேல், சில மாசத்துக்குத் தாங்கும். ஏசி ரூம்ல வெச்சிருக்கேன்னு சொல்வாங்க, கரன்ட் போனா, ஊருக்குப் போனா ஏசி ஓடாது, வைனுக்கு அந்த ஏத்த இறக்கம் தான் பெரிய எதிரி.

ஒரே பெட்டி, ஒரே வருஷம். ஒண்ணு அபாரம், இன்னொண்ணு சப்புன்னு இருக்கு. எப்படி?

கார்க். ஒவ்வொரு கார்க்கும் மரப்பட்டையிலேர்ந்து வெட்டுனது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு காத்து விடாது. முதல் அஞ்சு வருஷம் வித்தியாசம் தெரியாது, முப்பது வருஷத்துல ஒவ்வொரு பாட்டிலும் தனி ஆளா ஆகிடும். பிரெஞ்சுக்காரங்க சொல்வாங்க, அபாரமான வைன்னு ஒண்ணு கிடையாது, அபாரமான பாட்டில் தான் உண்டுன்னு. மேக்னம்ங்கிற ஒன்றரை லிட்டர் பாட்டில் மெதுவா, சீரா பக்குவம் ஆகும், காரணம் கார்க் கிட்டத்தட்ட அதே அளவு, உள்ள இருக்குற வைன் ரெண்டு மடங்கு.

டூப்ளிகேட் வருமா?

விலை உயர்ந்ததுல வரும். ரூடி குர்னியவான்னு ஒருத்தர் அமெரிக்காவுல போலி பர்கண்டி, போர்தோ வித்து 2012ல கைதாகி 2014ல பத்து வருஷம் ஜெயில் தண்டனை வாங்கினார். மாட்டினதுக்கு ஒரு முக்கிய காரணம், 2008ல நியூயார்க் ஏலத்துக்கு பர்கண்டில வைன் செய்யற பொன்சோ குடும்பத்தோட க்ளோ சான் தெனிங்கிற வைன், 1945லேர்ந்து 1971 வரை வருஷம் போட்ட பாட்டிலுங்க வந்துது. அந்தக் குடும்பம் அந்த வைனை செய்ய ஆரம்பிச்சதே 1980கள்ல தான். லொரான் பொன்சோ நேரா ஏலத்துக்கே போய் நிறுத்தினார். நாம வாங்குற க்ரூ பூர்ஷுவா, ஷினோனை எல்லாம் யாரும் போலி பண்ண மெனக்கெட மாட்டாங்க, அதுவும் அதுங்களை வாங்குறதுக்கு ஒரு நல்ல காரணம்.

மிச்சம் வந்தா அடுத்த நாள் குடிக்கலாமா?

இளசுன்னா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். 20, 30 வருஷமானதை அன்னிக்கே முடிச்சிடுங்க, மேல ஷினோன் கதையில ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே இறங்க ஆரம்பிச்சதைப் பாத்தீங்கல்ல. ரெண்டு பேருக்கு ஒரு பாட்டில் ஜாஸ்தின்னா நாலு பேரைக் கூப்பிடுங்க.

ஒரே ஒரு நல்ல பாட்டில் வெச்சிருக்கேன். எப்ப திறக்கணும்னு தெரியாம வருஷக்கணக்கா தள்ளிப் போட்டுட்டே இருக்கேன்.

இதை கேக்காத ஆளே இல்ல. சீக்கிரம் திறந்தா பழமும் துவர்ப்பும் கொஞ்சம் தூக்கலா ஒரு நல்ல வைன் கெடைக்கும், லேட்டா திறந்தா ஒண்ணுமே கெடைக்காது. அதனால ஒண்ணே ஒண்ணு இருந்தா நான் எப்பவும் சீக்கிரம் பக்கம் தான் சாய்வேன், நாலாவது கேள்வியில போட்ட கணக்குல நடு வருஷத்தைத் தாண்ட விட வேண்டாம். உதாரணத்துக்கு உங்க பாட்டில் 2005 சான் ஜூலியேனா இருந்தா, இந்தக் குளிர்காலத்துலயே ஒரு சனிக்கிழமை பாருங்க, வியாழக்கிழமை ராத்திரியே நிக்க வெச்சிடுங்க.